வேர்வாத்திக் கல்லு

உக்காருங்க, உக்காருங்க. தண்ணி வருது. தண்ணி வர்ற வரைக்கும் இந்தக் கல்லை உட்டு எந்திரிக்கக் கூடாதுங்க, அது இந்த ஊரு மொறை. மாப்பிள்ளையோட ஐயனுக்கு மொகம் சுண்டிப்போச்சு, நான் பாத்துட்டேன். "நிச்சயம் பண்ண வந்த ஒறம்பரைய ஊட்டுக்குள்ள கூப்புடாம, ஊரு மொனையில வேப்பமரத்தடியில உக்கார வெக்கறாங்களே, இது என்ன மரியாதை"ன்னு அவரு மனசுல ஓடுது. ஞாயந்தானுங்க. வழியில வண்டி பஞ்சராகி, டிரைவரோட சத்தம் போட்டு, வெயில்ல நின்னு வேர்த்து வடிஞ்சு வந்திருக்கறீங்க. அதனாலதான் உக்காருங்கங்கறேன். நான் பொண்ணுக்குப் பெரியப்பன். இந்தக் கல்லு எப்படி இங்க வந்துச்சுன்னு எங்க பெரியவங்க எனக்குச் சொன்னாங்க, அவங்களுக்கு அவங்க பெரியவங்க சொன்னாங்களாம். அதைச் சொல்றேன், கேளுங்க.

அது ஒரு காலமுங்க. கரண்டு வராத காலம், மோட்டாரு வராத காலம். தாராபுரம் போகோணும்னா வெடியால வண்டி கட்டுனாப் பொழுதோடதான் போய்ச் சேருவாங்களாம். அப்ப இதே ஊஞ்சக்காட்டுப்புதூருல சென்னியப்பன் சென்னியப்பன்னு ஒருத்தரு இருந்தாராம்.

பண்ணையத்துல அவரை மிஞ்ச ஆளில்லைன்னு சொல்லுவாங்க. வெள்ளி மொளைக்கறப்பவே எந்திரிச்சு கவலை ஓட்டப் போயிருவாராம். கவலைன்னா சின்னப் பசங்களுக்குத் தெரியாது. கெணத்துக்குள்ள தோல் சாலு, பெரிய தோல் வாளிங்க, அதை உட்டு, அதோட வடத்தை ரெண்டு எருதுல கட்டி இழுக்கறது. எருது சரிவுல கீழ எறங்குனா சாலு தண்ணியோட மேல வரும். எருது பின்னால ஏறுனா சாலு கெணத்துக்குள்ள போகும். எறங்கறது, ஏறறது. எறங்கறது, ஏறறது. சூரியன் உச்சிக்கு வர்ற வரைக்கும் அதேதான். மாடும் வேர்க்கும், மனுசனும் வேர்ப்பான்.

சென்னியப்பனுக்கு மயிலை ஒண்ணு, செவலை ஒண்ணுன்னு ரெண்டு எருது. ஊட்டுக்காரி பேரு நஞ்சாத்தா. ரொம்ப நாளு புள்ளையில்லாம இருந்து, கோயிலு கோயிலா மண்சோறு தின்னு, கடைசியாப் பொறந்தது ஒரே பொண்ணு. பாவாயின்னு பேரு வெச்சாங்களாம். அந்தப் புள்ள மேல அவருக்கு அப்படி ஒரு உசுரு. ஆனா அந்த உசுரு அவரு நெஞ்சுக்குள்ளயே கெடந்துச்சு, வெளிய வந்ததெல்லாம் கோவந்தான்.

சாமி, கோவம்னாக் கோவம், அப்படி ஒரு கோவமுங்க. வாய்க்கா ஒடைஞ்சாக் கோவம். பக்கத்துக் காட்டுக்காரன் ஆடு வந்து வரப்பு மேஞ்சாக் கோவம். காட்டுலயே அதைக் கத்தித் தீத்துட்டு வந்தாப் பரவாயில்லை. அங்க யாரு இருக்கறா கேக்கறதுக்கு? மத்தியானம் ஊட்டுக்கு வருவாரு, வாசப்படி தாண்டறப்பவே ஆரம்பிச்சிருவாராம். "கதவை ஏன் தொறந்து போட்டிருக்குது? மோருல ஏன் உப்பில்லை? கோழிய யாரு உள்ள உட்டது?" வட்டல் பறக்கும், சொம்பு உருளும். சோறு உள்ள போயி வயிறு நெறஞ்சதும் அடங்கிப்போயிருவாரு. அடங்கிப்போயி, சுத்தும்முத்தும் பாப்பாராம்.

"புள்ள எங்க?"

"தூங்குதுங்க," அப்படிம்பாளாம் நஞ்சாத்தா.

"எப்பப் பாத்தாலும் தூங்குதா?"

"சின்னப் புள்ளையில்லைங்களா."

அவரும் நம்பிக்குவாராம். ஆனா புள்ள தூங்கலைங்க. ஊட்டுக்குள்ள சோளம் கொட்டி வெக்கற மண்ணுக் குதிரு ஒண்ணு இருந்துச்சு. அந்தக் குதிருக்கும் செவுத்துக்கும் நடுவுல ஒரு சந்து. தடத்துல ஐயனோட காலடி தப்பு தப்புன்னு கேட்டுச்சுன்னா, வெளையாடிக்கிட்டு இருக்கற புள்ள எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு அந்தச் சந்துக்குள்ள போயி ஒடுங்கிக்குமாம். அவரு சாப்புட்டு மறுக்கா வெளிய போற வரைக்கும் மூச்சு உடாதாம்.

அவரு யாரையும் கைநீட்டி அடிக்கற ஆளில்லைன்னு ஊருல பெருமையாச் சொல்லுவாங்க. இன்னைக்கும் சில பேரு, "நான் என்ன அடிச்சனா?"ன்னு கேப்பாங்க பாருங்க, எனக்கு அதுல சம்மதமில்லைங்க. குதிருக்குப் பின்னால ஒடுங்கி நிக்கற புள்ளைக்கு அடி உழுகறதுக்கும் சத்தம் கேக்கறதுக்கும் என்ன வித்தியாசம்?

இப்படி இருக்கயில மாரியம்மன் நோம்பி வந்துச்சாம். அன்னைக்கு கவலை ஓட்டறதில்லை, வெயில்ல காயறதில்லை. சென்னியப்பன் குளிச்சு, வெள்ளை வேட்டி கட்டி, புள்ள கையப் புடிச்சுக்கிட்டு கோயிலுக்குப் போனாரு. பொரி வாங்கிக் குடுத்தாரு. வளையல்காரரு ஒருத்தரு வெளியூர்ல இருந்து வந்து கடை போட்டிருந்தாரு. அங்க உக்கார வெச்சு, "அம்மிணி, உனக்கு எந்த நெறம் புடிச்சிருக்குது சொல்லு"ன்னாராம். பாவாயி பச்சைய எடுத்துக் காட்டுச்சு. அவருக்கு மனசு குளுந்துபோச்சு. அந்த நேரம் பாத்துக் கூட்டத்துல ஒருத்தன் வந்து அவரு காலை மிதிச்சுட்டான்.

"கண்ணு அவிஞ்சுபோச்சாடா உனக்கு!"

அவ்வளவுதானுங்க சொன்னாரு. புள்ளை கையில இருந்த வளையல் கீழ உழுந்து ஒடைஞ்சுது. அங்க குதிரு இல்லை, செவுரும் இல்லை. புள்ள ஓடிப்போயி அந்த வளையல்காரரு காலைக் கட்டிக்கிட்டு, அவரு வேட்டிக்குள்ள மொகத்தைப் பொதைச்சுக்கிச்சாம். வளையல்காரருக்கு ஒண்ணும் புரியலை. புள்ளைய அணைச்சுப் புடிச்சுக்கிட்டு, சென்னியப்பன் முன்னால கைய நீட்டித் தடுத்து, "ஏனுங்க, தள்ளி நில்லுங்க. கொழந்தை உங்களைப் பாத்துத்தான் பயப்படுது. யாருங்க நீங்க?"ன்னு கேட்டாராம்.

யாருங்க நீங்க?

நாந்தான் அந்தப் புள்ளையோட ஐயன்னு சொல்ல அவருக்கு வாய் வரலைன்னு சொல்லுவாங்க. நஞ்சாத்தா வந்து புள்ளையத் தூக்குற வரைக்கும் கூட்டத்துக்கு நடுவுல அப்படியே நின்னாராம்.

ஊட்டுக்கு வந்தாரு. "பாவாயி அன்னாடும் தூங்கறது எங்க?"ன்னு கேட்டாரு. நஞ்சாத்தா இந்தத் தடவை பொய் சொல்லலை. கையக் காட்டுனாளாம். குதிருக்குப் பின்னால போயிப் பாத்தா, அங்க ஒரு கிழிஞ்ச சீலைத்துணி விரிச்சிருக்குது, சோளத்தட்டுல செஞ்ச பொம்மை ஒண்ணு கெடக்குது. புள்ள அங்க ஒரு குடித்தனமே பண்ணிக்கிட்டு இருந்திருக்குது.

அதுக்கு மேல அவருக்குத் தாங்கலைங்க. நேரா மாரியம்மன் கோயிலுக்குப் போயி, "ஆத்தா, இனி நான் கோவப்பட்டா என்னை நீ கேளு"ன்னு சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணுனாரு. மறுநாளு பக்கத்துக் காட்டு ஆடு வரப்புல ஏறுச்சு, சத்தியம் அங்கயே போச்சு. அப்பறம் சோமவாரம் சோமவாரம் ஒருசந்தி இருந்து பாத்தாரு. பசியில கோவம் ரெண்டு பங்காச்சு. ஆரோ சொன்னாங்கன்னு, காட்டுல இருந்து வர்றப்ப வாய் நெறையத் தண்ணி வெச்சுக்கிட்டு வந்து பாத்தாராம். வாயத் தொறந்தாத்தான கத்த முடியும்? நல்ல யோசனைதான். வாசல்ல வந்து பாத்தா கன்னுக்குட்டி அவுந்து பாலைக் குடிச்சுக்கிட்டு நிக்குது. தண்ணியும் வெளிய வந்துச்சு, சத்தமும் வெளிய வந்துச்சு, எதுக்க நின்ன நஞ்சாத்தா நனைஞ்சதுதான் மிச்சம்.

சிரிக்கறீங்க. சிரிங்க சிரிங்க. மாப்பிள்ளையோட ஐயனுக்குக்கூட மீசை லேசா ஆடுது.

ஒவ்வொரு சத்தியம் உடையறப்பவும் மனுசன் இன்னும் கொஞ்சம் ஒடைஞ்சாரு. நான் இப்படித்தான், என் பொறப்பு இப்படித்தான்னு உக்காந்துட்டாராம்.

நஞ்சாத்தா அதிகம் பேசாத பொம்பளை. ஒரு நாளு மத்தியானம் அவ ஆட்டுக்குத் தழை ஒடிக்கறதுக்கு இந்த வேப்பமரத்துக்கு வந்தா. அப்ப இங்க கல்லு கெடையாது. மரமும், மாடு தண்ணி குடிக்கற கல்தொட்டியும்தான். சென்னியப்பன் கவலைய முடிச்சு எருதுகளை ஓட்டிக்கிட்டு வந்தாரு. மயிலை தொட்டியப் பாத்ததும் கழுத்தை நீட்டுச்சு. அவரு கயித்தை இழுத்துப் புடிச்சுக்கிட்டு, அப்படி ஒரு மெதுவான கொரல்ல சொன்னாராம், "சித்தே பொறுடா சாமி. வேர்வ ஆறட்டும். இப்பக் குடிச்சீன்னா வயிறு ஊதிக்கும். சித்தே பொறு கண்ணு."

அந்தக் கொரலை நஞ்சாத்தா அவருகிட்ட கேட்டதே இல்லை. தழை ஒடிக்கறதை நிறுத்திட்டுப் பாத்தாளாம்.

சூட்டோட வந்த மாட்டுக்குத் தண்ணி காட்டக் கூடாதுங்கறது பண்ணையம் பண்றவங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அவரு ரெண்டு எருதையும் நெழல்ல கட்டுனாரு. திமிலைத் தொட்டுப் பாத்தாரு, கை ஈரமாச்சு. "இன்னும் ஆறலை"ன்னு சொல்லிட்டு, அது ஆறட்டும், அதுக்குள்ள நாம சோறு தின்னுட்டு வந்துரலாம்னு ஊட்டைப் பாக்க நடந்தாராம். அன்னாடும் அதுதான் வழக்கம். எருது நெழல்ல ஆறும், இவரு கொதிக்கக் கொதிக்க ஊட்டுக்குள்ள போவாரு.

நஞ்சாத்தா குறுக்க வந்து நின்னுக்கிட்டாளாம்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அந்த எருதுகளுக்குப் பண்ற ஞாயத்தை எங்களுக்கும் பண்ணக் கூடாதுங்களா?"

"என்ன பொலம்பற?"

"கோவப்படாதீங்கன்னு நான் சொல்லலை. சத்தியம் பண்ணுங்கன்னும் சொல்லலை. எருதுக்கு வேர்வ ஆறுற வரைக்கும் நீங்களும் அதுககூட உக்காந்துட்டு வாங்க. அதுகளுக்குத் தண்ணி காட்டிட்டு, நீங்களும் குடிச்சுட்டு ஊட்டுக்கு வாங்க. சோறு எங்கயும் போயிராது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க."

இதென்ன பெரிய காரியம்னு அவரு உக்காந்தாராம். ஆனா சும்மா உக்காந்து பாருங்க, அப்பத் தெரியும். தரை சுடுது. வயிறு காயுது. சும்மா உக்கார உக்கார, வரப்பு மேஞ்ச ஆடெல்லாம் மறுக்கா வந்து கண்ணு முன்னால மேயுது. மொத நாளு, எப்பவும் போறதைவிடக் கோவமா ஊட்டுக்குப் போனாராம். மறுநாளும் உக்காந்தாரு. தடத்துல போறவங்க சும்மா இருப்பாங்களா?

"ஏப்பா சென்னியப்பா, எருது ரெண்டுன்னு நெனைச்சேன். மூணாவது எருது எப்ப வாங்குன?"

"மூணாவதுக்கும் தண்ணி காட்டலாமா, இன்னும் ஆறலையா?"

அவருக்கு மூக்கு வெடைக்குது. ஆனா எந்திரிச்சுப் போக முடியாது, ஏன்னா மயிலைக்கு இன்னும் வேர்வ ஆறலை. எருது ஒண்ணுதான் அவரைப் புடிச்சு நிறுத்துச்சுன்னு சொல்லுவாங்க.

தரை சுடுதேன்னு, கெணத்து மேட்டுல சும்மா கெடந்த ஒரு பலகைக்கல்லை எருதுகளை வெச்சே இழுத்துக்கிட்டு வந்து இங்க போட்டாரு. அதுதானுங்க நீங்க உக்காந்திருக்கற கல்லு. சும்மா உக்காந்தாத்தான கோவம் வருதுன்னு, வைக்கோலைப் பிரியாச் சுருட்டி எருதுக மேல தேய்ச்சு உட ஆரம்பிச்சாரு. தேய்ச்சு முடிச்சா தன் மூஞ்சி, கை, காலைக் கழுவுவாரு. கழுவிட்டு இந்தக் கல்லுல உக்காந்து, வேப்பமரத்துக் கிளையில குருவி கூடு கட்டறதைப் பாப்பாரு. பாத்துட்டுத் திமிலைத் தொடுவாரு. கை ஈரமானா மறுக்கா உக்காருவாரு. காஞ்சிருந்தா எருதுக்குத் தண்ணி காட்டிட்டு, தானும் குடிச்சுட்டு, நடப்பாரு.

கோவம் போயிருச்சான்னு கேட்டீங்கன்னா, போகலைங்க. கோவம் அவருகூடத்தான் இருந்துச்சு. ஆனா ஊட்டுக்குப் போறப்ப அது பின்னால எங்கயோ வந்துச்சு. முன்னால அவரு போனாரு.

குதிருக்குப் பின்னால இருந்த புள்ளைக்குக் காதுதான் கண்ணு. தப்பு தப்புன்னு வந்த காலடி இப்ப வேற மாதிரி வருதுங்கறது அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒரு நாளு அவரு சாப்புட்டுக்கிட்டு இருக்கயில குதிரு ஓரமா ஒரு கண்ணு மட்டும் தெரிஞ்சுதாம். அவரு சோத்தை வாயில வெச்சபடியே மெல்லறதை நிறுத்திட்டாரு. நஞ்சாத்தா தலைய ஆட்டுனா, கூப்புடாதீங்கன்னு. அவரு கூப்புடலை. அடுத்தடுத்த நாள்ல தலை தெரிஞ்சுது, தோளு தெரிஞ்சுது. ஒரு நாளு வெளிய வந்து தூணைப் புடிச்சுக்கிட்டே நின்னுச்சாம். "மோரு நல்லா இருக்குது"ன்னு அவரு தூணைப் பாத்துச் சொன்னாராம். பாவம், புள்ளையப் பாத்துச் சொல்ல அவருக்குப் பயம்.

இந்த எடத்துல கதை முடிஞ்சிருந்தா எவ்வளவு நல்லா இருக்கும். முடியலைங்க.

சோளம் கதிரு வாங்கற நேரம். இப்பத் தண்ணி நின்னா எல்லாம் பதராப் போயிரும். அந்த நேரத்துல ஒரு நாளு கவலை ஓட்டயில வடம் அறுந்து, தோல் சாலு கெணத்துக்குள்ள போயிருச்சு. எறங்கித் தேடறாரு, கெடைக்கலை. வெயிலு மண்டையப் பொளக்குது. அன்னைக்கு அவரு எருதுகளை ஓட்டிக்கிட்டு வந்தவரு, இந்தக் கல்லுகிட்ட நிக்கவே இல்லை. கயித்தை அப்படியே கீழ போட்டுட்டு ஊட்டைப் பாக்கப் போயிட்டாரு. தப்பு தப்புன்னு.

அன்னைக்குத்தானா அது நடக்கோணும்? அன்னைக்குத்தான் பாவாயி மொத மொதலா, "ஐயனுக்கு நான் தண்ணி குடுக்கறேன்"ன்னு ஆத்தாகிட்ட கேட்டு, சொம்பு நெறையத் தண்ணி மோந்துக்கிட்டு வாசப்படியில நின்னிருக்குது. காலடி வந்த வேகத்துல ஓடியிருக்கோணும். ஆனா சொம்பை வெச்சுக்கிட்டு எப்படி ஓடறது? நின்னுருச்சு.

"சோறு போட இந்த ஊட்டுல நாதியில்லையா!"

கத்துனதுக்கு அப்பறந்தான் வாசப்படியில நின்னது யாருன்னு பாத்தாரு. சொம்பு கீழ உழுந்து அவரு காலு வரைக்கும் உருண்டு வந்துச்சு. புள்ளையக் காணோம்.

அங்க மரத்தடியில கட்டாம உட்ட எருதுக சூட்டோட தொட்டியில வாய வெச்சிருச்சுக. செவலை தப்பிச்சுக்கிச்சு. மயிலைக்கு வயிறு ஊதிப்போச்சு. ஊரே வந்து இஞ்சியும் மொளகும் அரைச்சு ஊத்தி, நடத்தி, தடவி, எப்படியோ உசுரைப் புடிச்சு நிறுத்துனாங்களாம். ஆனா அது கொஞ்ச நாளைக்கு நொகத்துல நிக்காதுன்னு சொல்லிட்டாங்க.

பொழுது சாயறப்ப சென்னியப்பன் கட்டுத்தாரையில மயிலை பக்கத்துல உக்காந்து அழுதாராம். மீசை வெச்ச ஆம்பளை அழுததை மறைக்காமத்தான் எங்க பெரியவங்க சொல்லுவாங்க.

"போச்சு நஞ்சாத்தா. இத்தனை நாளு உக்காந்ததெல்லாம் போச்சு. சத்தியம் பண்ணுனதெல்லாம் ஒடைஞ்ச மாதிரி இதுவும் ஒடைஞ்சுபோச்சு. புள்ள இனி எங்கிட்ட வராது."

நஞ்சாத்தா அவரு பக்கத்துல உக்காந்துக்கிட்டாளாம். திட்டுவான்னு எதிர்பாத்தாரு, அவ திட்டலை.

"சத்தியம்னாத்தானுங்க உடையறதுக்கு. இது சத்தியமில்லையே, சோலி. மழை பேஞ்சா ஒரு நாளைக்குக் கவலை ஓட்டறதில்லை. அதுக்காக மறுநாளு நொகத்தை ஒடைச்சு அடுப்புல வெக்கறோமா? இன்னைக்கு உக்காரலை. நாளைக்கு உக்காருங்க."

"நாளைக்கு எங்க? கவலையே இல்லையே. ஒத்தை எருதை வெச்சு என்ன ஓட்டறது? வேர்த்தாத்தான ஆறவெக்க?"

"வேர்க்காட்டியும் உக்காருங்க," அப்படின்னாளாம்.

மறுநாளு மத்தியானம். காட்டுல வேலையில்லை, ஒடம்புல வேர்வையில்லை. இருந்தாலும் சென்னியப்பன் அதே நேரத்துக்கு மயிலைய மெதுவா நடத்திக்கிட்டு இங்க வந்தாரு. வைக்கோல்பிரி எடுத்துத் தேய்ச்சு உட்டாரு. மூஞ்சி, கை, காலைக் கழுவுனாரு. கல்லுல உக்காந்தாரு. மூணாவது எருதுன்னு சொன்னவங்களும் தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போனாங்களாம். அன்னைக்கு அவருக்கு எந்திரிக்க மனசில்லை. மயிலையோட திமிலு எப்பவோ காஞ்சு கெடக்குது. எந்திரிச்சு ஊட்டுக்குப் போனா அந்தக் குதிருப் பக்கம் பாக்கோணும். அதனால உக்காந்தது உக்காந்தபடியே இருந்தாராம்.

அங்க ஊட்டுல என்ன ஆச்சுன்னா, மத்தியானம் ஆச்சு, தடத்துல காலடி கேக்கலை. பாவாயி குதிருக்குப் பின்னால காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்குது. தப்பு தப்புன்னும் வரலை, மெதுவாவும் வரலை. சோறு ஆறிப்போச்சு. காலடி வந்தாப் பயம்தான். ஆனா வராமப் போச்சுன்னா அது வேற ஒரு பயமுங்க, புள்ளைக்கு அது அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. வெளிய வந்துச்சாம்.

"ஆத்தா, ஐயன் ஏன் வரலை?"

"வேர்வ ஆறலை போல இருக்குது கண்ணு."

புள்ள போயி, நேத்து உழுந்து நெளிஞ்ச அந்தச் சொம்பை எடுத்துச்சு. தண்ணி மோந்துச்சு. ரெண்டு கையாலயும் நெஞ்சோட அணைச்சுக்கிட்டு அதுவே தடத்துல எறங்கி நடந்துச்சாம். நஞ்சாத்தா கூடப் போகலை. வேலிக்கு இந்தப் பக்கமா, இக்கட்டாலயே நின்னுக்கிட்டு, வாயில சீலைத் தலைப்பைக் கடிச்சுக்கிட்டுப் பாத்தாளாம்.

சென்னியப்பன் தலை நிமிந்து பாத்தாரு. தடத்துல புள்ள வருது. அடிக்கொருக்கா தண்ணி சிந்துது, பாவாடையெல்லாம் நனைஞ்சுபோச்சு. எந்திரிச்சு ஓடிப்போயி வாங்கிக்கலாம்னு அவரு ஒடம்பு துடிக்குது. எந்திரிச்சா புள்ள பயந்துருமோ? கூப்புட்டா ஓடிருமோ? மூச்சைக்கூட மெதுவா உட்டாராம். புள்ள மரத்து நெழலுக்கு வெளிய, வெயில்லயே நின்னுக்கிச்சு. வெறுங்காலு, மண்ணு சுடுது, காலை மாத்தி மாத்தி வெக்குது. அப்படியும் உள்ள வரலை. அங்க நின்னுக்கிட்டே கேட்டுச்சு.

"ஐயா. வேர்வ ஆறிருச்சுங்களா?"

ஆறிருச்சுன்னு சொல்ல அவருக்கே நம்பிக்கையில்லை. எத்தனை தடவை சொல்லி எத்தனை தடவை பொய்யாப் போச்சு. நெத்தியக் கொஞ்சம் முன்னால குனிஞ்சு காட்டுனாராம்.

"எனக்குத் தெரியலை அம்மிணி. நீயே தொட்டுப் பாத்துச் சொல்லு."

புள்ள மயிலையப் பாத்துச்சு. ஐயனைப் பாத்துச்சு. அவரு திமிலைத் தொட்டுப் பாக்கறதை அது எப்பவோ தூரத்துல இருந்து பாத்திருக்கோணும். ஒரு எட்டு வெச்சு நெழலுக்குள்ள வந்துச்சு. இன்னொரு எட்டு. சொம்பைக் கல்லு மேல வெச்சுச்சு. சின்னக் கைய நீட்டி, உள்ளங்கைய அவரு நெத்தியில வெச்சுச்சு. சொம்பைப் புடிச்சுப் புடிச்சு அந்தக் கையி ஜில்லுன்னு இருந்துச்சாம். வெச்ச கைய எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு.

"காஞ்சிருச்சு," அப்படின்னுச்சாம். "இப்பக் குடிக்கலாம்."

சொம்புல பாதித் தண்ணிகூட இல்லைங்க. அந்தத் தண்ணிய அவரு குடிச்சாரு. குடிச்சு முடிக்கறதுக்குள்ள நெத்தி காஞ்சிருந்தாலும் கன்னமெல்லாம் நனைஞ்சுபோச்சு. புள்ள அதைப் பாத்துட்டு, "ஐயா, மறுக்கா வேர்க்குது, உக்காருங்க"ன்னு சொல்லி அவரு பக்கத்துல இந்தக் கல்லுலயே ஏறி உக்காந்துக்கிச்சாம். ரெண்டு பேரும் வெகு நேரம் உக்காந்திருந்தாங்கன்னு சொல்லுவாங்க. வேலிக்கு இக்கட்டால நின்ன நஞ்சாத்தா சோத்துச் சட்டிய எடுத்துக்கிட்டு இங்கயே வந்துட்டாளாம்.

அதுக்கப்பறம் அந்தச் சீலைத்துணியும் தட்டுப் பொம்மையும் குதிருக்குப் பின்னால இருந்து வெளிய வந்துருச்சு. மயிலை தேறிருச்சு, கெணத்துல உழுந்த தோல் சாலைத் தேடி எடுத்தாங்க, சோளம் பாதி வெளைஞ்சுது. அன்னாடும் மத்தியானம் பாவாயிதான் சொம்போட வரும். தொட்டுப் பாக்காம அவரை எந்திரிக்க உடாது. சில நாளு, "இன்னும் ஆறலை"ன்னு உக்கார வெச்சிருமாம். அவரும் உக்காருவாராம். மூணாவது எருதுன்னு சிரிச்சவங்க ஒவ்வொருத்தரா வந்து, "சித்தே நகந்து உக்காரப்பா"ன்னு எடம் கேக்க ஆரம்பிச்சாங்க. அப்பறம் என்ன, ஊட்டுக்கு ஊடு புள்ளைக சொம்பைத் தூக்கிக்கிட்டு வந்துருச்சுக.

சென்னியப்பன் கோவத்தை ஜெயிச்சுட்டாருன்னு எங்க பெரியவங்க சொல்லலைங்க. கெழவனான பொறவுகூட மூக்கு வெடைக்குமாம். வெடைச்சா எந்திரிச்சு இங்க வந்துருவாராம்.

பாவாயிக்குக் கல்யாணம் கூடி வந்தப்ப, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வெயில்ல வண்டி கட்டிக்கிட்டு, வழியெல்லாம் ஏதோ சீருக்குச் சண்டை புடிச்சுக்கிட்டே வந்து எறங்குனாங்களாம். சென்னியப்பன் அவங்களை ஊட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போகலை, இங்கதான் உக்கார வெச்சாரு. கல்யாணப் பொண்ணே சொம்போட வந்துச்சு. வந்தவங்கள்ல மூத்தவரு, தனக்கு மாமனாராகப் போறவரு, அவரு நெத்தியத் தொட்டுப் பாத்துட்டுத்தான் தண்ணி குடுத்துச்சு. அந்தப் பெரிய மனுசன் என்ன சண்டைக்கு வந்தோம்ங்கறதையே மறந்துட்டாராம்.

பாவாயி கட்டிக்கிட்டுப் போயிருச்சு. அதுக்குப் பொறவு ஒரு தம்பி பொறந்திருந்துச்சு, அந்தத் தம்பி வழிதானுங்க நாங்க. மோட்டாரு வந்துச்சு, கவலை போச்சு, எருதும் போச்சு. இப்ப டிராக்டருல போறவன் இங்க நிறுத்திட்டு உக்காந்துட்டுப் போறான். திருப்பூரு கம்பெனிக்குப் போயிட்டு வர்ற புள்ளைக பஸ்ஸை உட்டு எறங்குனதும் உக்காருதுக. கல்லு நடுவுல வழுவழுன்னு பள்ளமாயிருச்சு பாருங்க, அது உளியில அடிச்சதில்லை. வேர்வ ஆத்தற கல்லு, அதனால வேர்வாத்திக் கல்லுன்னு பேரு. இதுக்குப் பூசையில்லை, பொங்கலில்லை. உக்காரோணும், அவ்வளவுதான்.

அதோ, தடத்துல பாருங்க, பொண்ணு வருது. பட்டுச்சீலைய ஒரு கையில தூக்கிக்கிட்டு, சொம்பைச் சிந்தாமக் கொண்டாருது. வா அம்மிணி, வா. மாப்பிள்ளைகிட்ட அப்பறம் போலாம். மொதல்ல உன் மாமனாருகிட்ட போ, டிரைவர்கூடச் சத்தம் போட்டுட்டு வந்தவரு அவருதான். ஏனுங்க, கூச்சப்படாதீங்க, துண்டை எடுத்துட்டு இப்படிக் கொஞ்சம் குனிங்க.

தொட்டுப் பாத்துச் சொல்லு கண்ணு. காஞ்சிருச்சா?